நோட்டம்மா எழுதாத பெயர்

சனிக்கிழமையிலிருந்து என் போன் ஓயவில்லை. நம் லயத்துப் பிள்ளைகள் குரூப்பில் ஆளாளுக்கு ஒரே கேள்வி. "மைக்கைக் குடுத்தா நாலு வார்த்த பேசாம, ஒரு பேர மட்டும் சொல்லிட்டு எறங்கிட்டியே, யாரு அது?" திருப்பூரில் இருப்பவன் கேட்கிறான். கோயம்புத்தூருக்குப் பேரப்பிள்ளை வளர்க்கப் போனவள் கேட்கிறாள். பிள்ளைகள் என்று நம்மை நாமே சொல்லிக்கொள்கிறோம், இனிமேல் நரைக்க ஒரு முடி பாக்கியில்லை.

குரூப்பில் பதில் எழுதினால் நடுவில் யாராவது காலை வணக்கம் என்று ரோஜாப்பூப் படத்தைப் போடுவீர்கள். அதனால் காகிதத்தில் எழுதிப் படம் எடுத்து அனுப்புகிறேன். கோபத்தோடுதான் எழுதுகிறேன். ஆறட்டும் என்று மூன்று நாள் பொறுத்துப் பார்த்தேன். ஆறவில்லை.

குன்னூர் மண்டபத்தில் நோட்டம்மாவுக்கு நினைவுக் கூட்டம். வாசலில் ஆளுயரப் படம். பார்த்தீர்களா அந்தப் படத்தை? ஆம்பளை ஜெர்க்கினும் ரப்பர் செருப்புமாக இந்த மலை முழுக்க நடந்தே தேய்ந்த மனுஷிக்குக் கம்ப்யூட்டரில் பட்டுச்சேலை உடுத்திவிட்டிருந்தார்கள். நெற்றியில் பெரிய பொட்டு. கீழே "அன்னை" என்று எழுத்து. உயிரோடு இருந்திருந்தால் அதைக் கிழித்து அடுப்புப் பற்றவைத்திருப்பார்.

மேடையில் தலைமை யார்? நம் மனு மாமா. கடலுக்கு அக்கரையில் எட்டாவது வரை படித்துவிட்டு வந்தவர், லயத்தில் எழுதப் படிக்கத் தெரிந்த ஒரே பெரிய மனுஷர், எல்லா வீட்டுக்கும் மனு எழுதிக் கொடுத்தவர். இப்போது நடக்க முடியவில்லை, இரண்டு பேர் தூக்கிப்பிடித்து உட்கார வைத்தார்கள். நாக்கு மட்டும் நன்றாக நடக்கிறது. "அம்மா மொதமொதலா எங்க லயத்துக்கு வந்தப்ப ஆரத்தி எடுத்து வரவேத்தோம்" என்றார். நீங்கள் எல்லாரும் கைதட்டினீர்கள்.

ஆரத்தியாம். குடையைப் பிடுங்கிப் பள்ளத்தில் எறிந்தோம். மூக்குக் கண்ணாடியை உடைத்தோம். அந்தக் கூட்டத்தில் உங்கள் அம்மாக்களும் இருந்தார்கள், என் அம்மாவும் இருந்தாள். உங்களில் பாதிப் பேர் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தீர்கள். மறந்துவிட்டது என்று சொல்லாதீர்கள், மறக்கிற வயது இல்லை அது.

எனக்கு அப்போது ஒன்பது வயது. நாம் கப்பலேறி வந்து, முகாமில் கிடந்து, இந்தத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், குடும்பத்துக்கு ஒரு காம்பரா என்று ஒற்றை அறை வாங்கி மூன்று நான்கு வருஷம் ஆகியிருக்கும். புரட்டாசிக் கடைசி. மழை பிடித்துக்கொண்டு, காய்கிற துணியெல்லாம் அடுப்புப் புகை வாசனையோடு காம்பராவுக்குள் தொங்கும். கீழே ஃபேக்டரியில் கொழுந்து வாட்டுகிற வாசனை மேட்டுக்கு ஏறி வரும். அந்த வாசனை வந்தால் மழை விடாது என்று எங்களோடு இருந்த அத்தை சொல்லுவாள்.

நோட்டம்மா அந்த மழையில்தான் வந்தார். கோயம்புத்தூர்ப் பெண், இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும், ஏதோ பெரிய படிப்புக்கு ஆராய்ச்சி என்றார்கள். வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளை விடுகிற பிள்ளைக்காம்பரா இருந்ததே, அதை ஒட்டிய அறையில் மூன்று மாதம் தங்கத் தோட்டத்து ஆபீஸில் அனுமதி. நீளமான பழுப்பு அட்டை நோட்டு ஒன்று எந்நேரமும் கக்கத்தில். அதனால்தான் நோட்டம்மா. ஒவ்வொரு வாசலிலும் நின்று, "ஏனுங்க, உள்ள வரலாமுங்களா?" என்று கேட்பார். வாங்க என்று சொல்லாமல் உள்ளே கால் வைக்க மாட்டார். உட்காருங்கள் என்று சொல்லாமல் உட்கார மாட்டார். நம் வீடுகளுக்குள் கேட்டுவிட்டு நுழைந்த முதல் படித்த ஆள் அவர்தான். அதுவே நம்மவர்களுக்குச் சந்தேகமாக இருந்தது.

அவர் வேலை, குடும்பம் குடும்பமாக உறவு எழுதுவது. ஆணுக்கு நீல முக்கோணம். பெண்ணுக்குச் சிவப்பு வட்டம். கல்யாணத்துக்கு ஒரு கோடு, கூடப்பிறந்ததற்கு ஒரு கோடு. ஒரு பக்கம் சிவப்பும் ஒரு பக்கம் நீலமுமாக இருக்கும் பென்சில் ஒன்று வைத்திருந்தார். அதைத் திருப்பித் திருப்பி எழுதுவதைப் பார்க்க நாம் கூட்டமாகப் பின்னால் போவோம்.

பெரியவர்கள் என்ன செய்தார்கள் என்று உங்களுக்குத் தெரியும். எல்லாரும் அக்கரையிலிருந்து கொண்டுவந்த குடும்பக் கார்டில் இருந்ததைச் சொன்னார்கள். அம்மா என்னை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தாள். "யாரு வந்து கேட்டாலும் கார்டுல உள்ளதத்தான் சொல்லணும். கார்டுல இல்லாதது ஒண்ணும் நமக்குத் தெரியாது." உங்கள் வீட்டிலும் இதே பாடம்தான்.

நம் பேரப்பிள்ளைகளுக்குப் புரியாது, அவர்களுக்காக ஒரு வரி எழுதுகிறேன். அக்கரையில் ஒப்பந்தம் போட்டு, யார் போக வேண்டும் யார் இருக்கலாம் என்று காகிதம்தான் முடிவு செய்தது. அண்ணனுக்கு அங்கே, தம்பிக்கு இங்கே. நடுவில் யாருமில்லாமல் நின்றவர்களை அடுத்த வீட்டுக்காரர்கள் தங்கள் குடும்பக் கார்டில் சேர்த்துக் கூட்டி வந்தார்கள். ஒரு கார்டில் ஏழு பேர் என்றால் ஏழு பேரும் ஒரு குடும்பம். அதனால் நம் லயத்தில் பல வீட்டில் அண்ணன் அண்ணன் இல்லை, சித்தி சித்தி இல்லை. எல்லாருக்கும் தெரியும். யாரும் பேசியதில்லை. ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுக்காமல் இருப்பதுதான் அங்கே உறவு.

என் அத்தையும் அப்படித்தான் வந்தாள். அப்பாவின் சொந்தத் தங்கை அக்கரையிலேயே காய்ச்சலில் செத்துப்போனாள், கார்டில் அவள் பெயர் அடிக்கப்படாமல் இருந்தது. அடுத்த காம்பராவில் தனியாக நின்றவளை அந்தப் பெயரில் அப்பா கூட்டி வந்தார். செத்தவள் பெயரில் இவள் கப்பலேறினாள், அந்தப் பெயரில்தான் தோட்டத்தில் பேர் பதிந்து கொழுந்தெடுத்தாள். நீங்கள் எல்லாரும் அவளைக் கூப்பிட்டது அந்தப் பெயர் சொல்லித்தான்.

ஒரு நாள் எனக்குப் பேன் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அது எம் பேரு இல்ல புள்ள. அந்தப் பேருக்காரி அங்கன பலா மரத்தடியில கெடக்கா." பிறகு குனிந்து தன் சொந்தப் பெயரை என் காதில் சொன்னாள். "யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாது." அதற்கப்புறம் அது எங்கள் இரண்டு பேருக்கும் விளையாட்டு. காலையில் அவள் வேலைக்குப் போக இடுப்பில் படங்குச் சாக்கைச் சுற்றிக்கட்டிக் கூடையை மாட்டும்போது, குனிந்து காதைக் கொடுப்பாள். நான் அந்தப் பெயரைச் சொல்லி மெல்லக் கூப்பிடுவேன். "ஏன் புள்ள?" என்பாள். முகம் அப்படியே மலரும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஒரு ஆளுக்கு இவ்வளவு சந்தோஷமா என்று எனக்குச் சிரிப்பாக இருக்கும்.

ஐப்பசியில் எனக்கு விரல்சுற்றி வந்து பள்ளிக்கூடம் போகவில்லை. அப்பா, அம்மா, அத்தை மூன்று பேரும் வேலைக்குப் போய்விட்டார்கள். நோட்டம்மா வாசலில் நின்று, ஒன்பது வயதுப் பிள்ளையிடம், "உள்ள வரலாமா கண்ணு?" என்று கேட்டார். நான் பெரிய மனுஷி மாதிரி வாங்க என்றேன். நோட்டைத் திறந்து எங்கள் வீட்டு உறவுப் படத்தைப் போட ஆரம்பித்தார். எனக்கு ஒரு வட்டம். அப்பாவுக்கு முக்கோணம், அதற்குப் பக்கத்தில் இன்னொரு வட்டம். "அத்த அப்பாவுக்கு எளையவீங்களா கண்ணு?" என்று கேட்டார்.

ஒன்பது வயதில் ரகசியம் என்பது சிரங்கு மாதிரி. சொறியாமல் இருக்க முடியாது. "அத்த அப்பாவுக்குத் தங்கச்சியே இல்ல" என்றேன். அத்தோடு நிறுத்தினேனா? அவள் பெயர் இன்னது என்றும் சொல்லிவிட்டேன்.

பென்சில் நின்றது. நோட்டம்மா என்னைப் பார்த்தார். "இத வேற யாருகிட்டயாவது சொன்னியா கண்ணு?" இல்லை என்று தலையாட்டினேன். "சொல்லாத. நானும் எழுத மாட்டேன். நீயா வந்து, எழுதுங்கன்னு சொல்ற வரைக்கும் எழுத மாட்டேன். செரியா?" சரி என்றேன். ஆனால் நோட்டை மூடுவதற்கு முன்னால் அந்தப் பென்சில் ஒரு முறை அசைந்தது. ஒரே ஒரு சின்ன வார்த்தை எழுதுகிற அளவு. அதை நான் பார்த்தேன். போகும்போது அந்தப் பென்சிலையே என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

கார்த்திகை பிறந்து சில நாள்தான். பெரட்டில், அதுதான் காலையில் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடும் இடத்தில், அத்தையின் பெயரைக் கூப்பிடவில்லை. எல்லாரும் மலைக்கு ஏறிப் போய்விட்டார்கள், கூடையோடு அவள் மட்டும் மழையில் நின்றாள். ஆபீஸுக்கு வரச் சொன்னார்கள். அப்பாவையும் கூப்பிட்டார்கள். மேசையில் ஒரு மனு. இவள் அந்தக் குடும்பத்துப் பெண் இல்லை, செத்துப்போனவள் பெயரில் வந்தவள் என்று அதில் இருந்ததாம். இவள் உன் தங்கையா என்று அப்பாவைக் கேட்டிருக்கிறார்கள். ஆமாம் என்று சொல்லிப் பொய் என்று ஆனால் மொத்தக் கார்டும் போகும், வீடு போகும், எல்லார் வேலையும் போகும். அப்பா, "இவ யாருன்னு எனக்குத் தெரியாதுங்க" என்று சொல்லிவிட்டு வந்தார். வீட்டுக்கு வந்து யார் முகத்தையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார். அத்தைதான் அவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அவர் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, அதனால் என்ன.

அன்றைக்குச் சாயந்திரம் எல்லாரும் மனு மாமாவிடம் போனார்கள். அத்தைக்குத் திரும்ப வேலை கொடுங்கள் என்று ஒரு மனு எழுத வேண்டும், வேறு யாரிடம் போவது? அத்தை அவருக்குப் பெரிய டம்ளரில் சர்க்கரை அள்ளிப் போட்டுத் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, ஐயா அவர்கள் சமூகத்துக்கு என்று ஆரம்பித்து ஒன்றரைப் பக்கம் எழுதினார். அடியில் பெயரைப் போட்டு, கடைசி எழுத்திலிருந்து கோழிவால் மாதிரி ஒரு வளைவை மேலே இழுத்துவிடுவாரே, அந்தக் கையெழுத்து. எழுதி முடித்துவிட்டுத்தான் சொன்னார். "நான் சொன்னா கசக்கும். நோட்டும் கையுமா ஊடு ஊடா யாரு அலைஞ்சா? நம்ம கார்டு சங்கதி வெளிய போகணும்னா வேற எப்படிப் போகும்? யோசிச்சுப் பாருங்க."

யோசித்துப் பார்த்தார்கள் நம்மவர்கள். காகிதத்தால் அடிபட்ட ஜனம். அந்நிய ஆள் கையில் பேனாவைக் கண்டால் குலைநடுங்கும். நம்ம ஆள் கையில் இருந்தால் அதே பேனா சாமி. அந்த ஒரு தப்புதான் எல்லாவற்றையும் கெடுத்தது.

ஞாயிற்றுக்கிழமை, எல்லாரும் தண்ணீர் பிடிக்கிற பீலியடியில் நோட்டம்மாவை வளைத்தார்கள். "யாரு சொன்னா ஒனக்கு? எந்த வீட்டுல சொன்னாங்க?" என்று என் அம்மாதான் முதலில் கையைப் பிடித்து உலுக்கினாள். குடை போனது. கண்ணாடி கல்லில் விழுந்து ஒரு பக்கம் உடைந்தது. நோட்டை மட்டும் ஜெர்க்கினுக்குள் போட்டு இரண்டு கையாலும் கட்டிக்கொண்டார். நான் பீலிக்குப் பக்கத்தில் நின்றேன். அவர் விரலை நீட்டி, இந்தப் பிள்ளைதான் சொன்னது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவரை விட்டுவிடுவார்கள். என் தோலை உரிப்பார்கள். அவர் என்னைப் பார்த்தார். வாயைத் திறக்கவில்லை.

நான் என்ன செய்தேன் என்று கேளுங்கள். இடுப்பில் செருகியிருந்த அந்தப் பென்சிலை எடுத்து அவர் மேல் வீசினேன். மார்பில் பட்டுக் கீழே விழுந்து பீலித் தண்ணீரோடு சாக்கடைக்குப் போனது. எனக்கு உண்மையிலேயே ஆத்திரம். எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டு எழுதிவிட்டாரே என்று. அன்று மத்தியான பஸ்ஸிலேயே அவர் போய்விட்டார்.

அத்தைக்கு எழுதின மனு என்ன ஆனது என்று யாருக்கும் தெரியாது. மார்கழியில் புல்லெல்லாம் வெள்ளையாக உறைபனி பிடித்திருந்த ஒரு காலையில், தன்னால் எங்கள் கார்டுக்குக் கேடு வரக் கூடாது என்று தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் கிளம்பினாள். கேத்திப் பள்ளத்தாக்கில் கேரட் பிடுங்க ஆள் எடுக்கிறார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அப்பா காம்பராவை விட்டு வெளியே வரவில்லை. வாசலில் என் முன்னால் நின்று, எப்போதும் போலக் குனிந்து காதைக் கொடுத்தாள்.

நான் கூப்பிடவில்லை. அந்தப் பெயரால்தானே எல்லாம் வந்தது என்று வாயை இறுக்கிக்கொண்டேன். கொஞ்ச நேரம் குனிந்தபடியே இருந்தாள். அப்புறம் நிமிர்ந்து, "யாரையும் வையாத புள்ள" என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு போனாள்.

தை மாதம் பெரட்டில் அந்தக் காலியிடத்துக்கு ஒரு புதுப் பெயர் கூப்பிட்டார்கள். மனு மாமாவின் மருமகள். நாம் எல்லாரும் கேட்டோம். ஒருவருக்காவது உறைத்ததா?

அதற்கப்புறம் நோட்டம்மாவின் வாழ்க்கையைத்தான் மேடையில் வரிசையாகச் சொன்னார்களே. முனைவர் பட்டம், கீழே கல்லூரியில் வேலை, அதை விட்டுவிட்டு மலைக்குத் திரும்பி வந்து தொண்டு நிறுவனம் ஆரம்பித்தது, அக்கரையிலிருந்து வந்த ஜனங்களுக்கு ஜாதிச் சான்றிதழும் ரேஷன் கார்டும் வாங்கிக்கொடுக்க ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கியது. அதெல்லாம் பொய்யில்லை. கூடலூர்ப் பக்கம் வரைக்கும் நடந்து போவார். சர்க்கரை இல்லாத தேத்தண்ணி குடிப்பார். அதிகாரி நாளைக்கு வாருங்கள் என்றால், "இல்லீங்க, நாளைக்கு வரைக்கும் இங்கயே உக்காந்திருக்கறனுங்க" என்று பெஞ்சில் உட்கார்ந்துகொள்வார். உங்கள் பிள்ளைகள் காலேஜ் போனதில் அவர் கை இருக்கிறது. துரத்தியடித்த அதே லயத்துக்கு அவர் திரும்பி வந்தபோது, யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை, அவரும் எதிர்பார்க்கவில்லை. வேலை நடக்க வேண்டும் என்று லயத்துக்காரர்கள் சார்பில் கமிட்டியில் ஒருவரை உட்கார வைத்தார். யாரை? மனு மாமாவை.

நான் அப்போது குன்னூர்க் கீழ் பஜாரில் தையல் கடை வைத்திருந்தேன். மூன்று முறை வந்தார். முதல் முறை வாசலில் நின்று, "உள்ள வரலாமா கண்ணு?" என்றார். நான் மிஷினை விட்டு எழுந்திருக்கவில்லை. "அத்த விஷயமா ஒரு கையெழுத்து வேணும்" என்று ஆரம்பித்தார். "ஒரு தடவ எழுதுனது போதாதா? இன்னும் எழுத வந்துட்டீங்களா?" என்றேன். அவர் ஏதோ சொல்ல வாய் எடுத்தார், நான் மிஷினை ஓட்டினேன். வாங்க என்று சொல்லாததால் உள்ளே வரவில்லை. வெளியில் தூறலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார். இரண்டாம் முறையும் அதேதான். மூன்றாம் முறை கடை சாத்தியிருந்தது. கதவடியில் ஒரு பழுப்புக் கவரைத் தள்ளிவிட்டுப் போயிருந்தார். அவர் கையெழுத்தைப் பார்த்ததும் பிரிக்காமல் அடுப்பில் போட்டேன்.

இப்போது சனிக்கிழமைக்கு வருகிறேன். கூட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே போய்விட்டேன். பக்கத்து அறையில் அவர் சாமான்களைக் கண்ணாடி மேசையில் வைத்திருந்தார்களே, நீங்கள் செல்ஃபி எடுத்தீர்களே, அங்கே அந்தப் பழுப்பு நோட்டும் இருந்தது. அவரிடம் வேலை பார்த்த பெண்ணிடம், எங்கள் வீட்டுப் பக்கத்தைக் காட்டு என்றேன். எடுத்துக் கொடுத்தாள்.

அப்பாவின் முக்கோணம், கீழே பெயர். அம்மாவின் வட்டம், கீழே பெயர். என் வட்டம், என் பெயர். அப்பாவுக்குப் பக்கத்தில் இருந்த வட்டத்துக்குக் கீழே கார்டுப் பெயரும் இல்லை, நான் சொன்ன பெயரும் இல்லை. "அத்தை" என்று மட்டும் எழுதியிருந்தது. பென்சில் அசைந்த அந்த ஒரு சின்ன வார்த்தை.

நான் நின்ற நிலையைப் பார்த்து அந்தப் பெண் பயந்துவிட்டாள். "உங்க பேரு போட்ட ஃபைல் ஒண்ணு இருக்குதுங்கம்மா" என்று அலமாரியிலிருந்து எடுத்து வந்தாள். முதல் காகிதம், அன்று ஆபீஸ் மேசையில் இருந்த மனுவின் நகல், நோட்டம்மா பிற்பாடு ஆபீஸில் கேட்டு வாங்கியது. ஐயா அவர்கள் சமூகத்துக்கு என்று ஆரம்பம். அத்தையின் கார்டுப் பெயர், செத்தவள் விவரம், இவளுடைய சொந்தப் பெயர் எல்லாம் இருந்தது. அந்தப் பெயரை எழுதின ஆளுக்கு யாரும் சொல்லியிருக்க வேண்டாம், ஒரே கப்பலில் வந்த ஆள். கீழே கோழிவால் கையெழுத்து. அதே கையெழுத்தில்தான் போன வாரம் எனக்குக் கூட்டத்து அழைப்பிதழ் வந்தது.

பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். கிள்ளினவனுக்குக் கிள்ளுப்பட்டவளே சர்க்கரை போட்டுத் தேத்தண்ணி கொடுத்ததை நான் என் கண்ணால் பார்த்தவள்.

அடுத்து, அத்தைக்கு முதியோர் பென்ஷனாவது கொடுங்கள் என்று நோட்டம்மா எழுதிய கடிதங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரே பதில். அந்தப் பெயரில் இருந்தவள் செத்துவிட்டாள், இவள் யார் என்பதற்குச் சாட்சி இல்லை. கூட வாழ்ந்த வீட்டு ஆள் யாராவது எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அப்பா இல்லை, அம்மா இல்லை. மிச்சம் யார்? நான் எரித்த கவரின் நகல் அதற்கடுத்து இருந்தது. "அத்தை கேத்தியில் இருக்கிறார். உன்னைப் பார்க்க ஆசை. தான் வந்தால் உனக்குக் கார்டில் கோளாறு வரும் என்று பயப்படுகிறார், எவ்வளவு சொன்னாலும் கேட்கவில்லை. நீ போய்ப் பார். இந்தப் படிவத்தில் உன் கையால் எழுதிக் கொடு." படிவத்தில் "நான் அறிந்தவரை இவருடைய பெயர்" என்று இருந்து, அதற்கப்புறம் வெற்றுக் கோடு. அடியில் என் பெயர் டைப் செய்து, கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது.

கடைசிக் காகிதத்தில் அவர் கையால் ஒரே வரி. அத்தை கேரட் கழுவுகிற இடத்துக் கொட்டகையில், ஒரு காகிதமும் இல்லாமல் செத்துப்போனாள் என்று.

குன்னூரிலிருந்து கேத்தி ரயிலில் மூன்றாவது ஸ்டேஷன். நான் அத்தனை வருஷமும் அந்தக் கேரட்டைத்தான் சந்தையில் வாங்கிச் சமைத்தேன்.

நோட்டம்மாவின் மேலும் எனக்குக் கோபம்தான். கூட்டத்தில் அவரைச் சாமியாக்கினீர்கள், நான் ஆக்க மாட்டேன். மனு யாருடையது என்று தெரிந்தும் அந்த ஆளைக் கமிட்டியில் வைத்திருந்தீர்களே நோட்டம்மா. அவர் இல்லாவிட்டால் மற்ற வீட்டுக் கதவு திறக்காது, மற்ற வீட்டுக்குச் சான்றிதழ் வராது என்று கணக்குப் போட்டீர்களா? பாலுக்கும் காவல் பூனைக்கும் தோழனா? பட்டம் வாங்கின வாய்க்கு, நான் எழுதவில்லை கண்ணு என்று ஒரு வார்த்தை சொல்லத் தெரியவில்லையா? வாங்க என்று சொல்லாவிட்டால் என்ன, இடித்துக்கொண்டு உள்ளே வந்து என் கன்னத்தில் ஒன்று விட்டிருக்கக் கூடாதா? ஒன்பது வயதுப் பிள்ளைக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினீர்கள், சரி. அந்தப் பிள்ளைக்கு ஐம்பது வயது நெருங்கிவிட்டது என்று யாராவது உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

இதையெல்லாம் கேட்கிறேன். கேட்டுவிட்டுக் கடைசியில் என்னிடம்தான் வந்து நிற்கிறது. மிஷினை ஓட்டியது என் கால். கவரை எரித்தது என் கை.

அந்த ஃபைலை மூடிவிட்டு வந்து கூட்டத்தில் உட்கார்ந்திருந்தேன், ஆரத்திப் பேச்சு முடிந்ததும் மேடையில் என் பெயரைக் கூப்பிட்டார்கள். மனு மாமா தன் கையாலேயே மைக்கை நீட்டி, "சுருக்கமா பேசு புள்ள" என்றார். எதிரே பட்டுச்சேலையில் நோட்டம்மா. கீழே நீங்கள் எல்லாரும் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தீர்கள். பேச ஒன்றும் இல்லை. அன்றைக்கு வாசலில் குனிந்து நின்றாளே, அவளுக்குக் கொடுக்காமல் வைத்திருந்த ஒன்றுதான் என் வாயில் இருந்தது. கூப்பிட்டேன்.

நீங்கள் எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்து, யாரு, யாரு என்றீர்கள். மூன்று நாளாகக் கேட்கிறீர்கள். அந்த மண்டபத்தில் ஒரே ஒருவர்தான் கேட்கவில்லை. கையில் இருந்த தேத்தண்ணி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, வேட்டியைச் சரி செய்கிற மாதிரி தலையைக் குனிந்துகொண்டார். மனுவின் படத்தையும் இத்தோடு அனுப்புகிறேன். கையெழுத்து உங்களுக்கே தெரியும். உங்கள் வீட்டு மனுவெல்லாம் அவர் கையால் எழுதினதுதானே. அவரிடம் கேட்பதை நீங்கள் கேளுங்கள்.

படிவத்தை அந்தப் பெண்ணிடம் வாங்கி வந்துவிட்டேன். இனி அதை எந்த ஆபீஸிலும் வாங்க மாட்டார்கள். இருந்தாலும் நேற்று உட்கார்ந்து அந்த வெற்றுக் கோட்டில் என் கையால் எழுதிக் கையெழுத்தும் போட்டேன். என் அத்தை. பெயர் ராமாயி.